மூன்றாவது லைட்டு

“இன்னும் போ,” என்றான் ஆல்பர்ட், போனில்.

பரிமளா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்த போன் வியர்வையில் வழுக்கியது. ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ரோட்டில் தார் பெயர்ந்து ஜல்லி துருத்திக்கொண்டிருந்ததால் சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சூரியன் இறங்கிவிட்டது, வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சைக்கிளின் பின் லைட்டை இந்த நேரத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான். முழு இருட்டில் எந்த லைட்டும் தெரியுமாம். விடிவதற்கு முந்தின அரைகுறை வெளிச்சத்தில் தெரிகிறதா என்பதுதான் விஷயமாம்.

“நாலாவது கம்பத்தாண்ட வந்துட்டேன். போதுமா?”

“மதகு வரைக்கும் போ.”

“மதகு எத்தினி தொலவு கீது தெரியுமா உனுக்கு? ஊறப்போட்ட அரிசி அப்டியே கீது. கரண்டு போறதுக்குள்ள அரைக்க வேணாமா நானு?”

“போ பரிமளா.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “நாலாவது கம்பத்துல பாத்தா… லாரிக்காரன் பிரேக்க மிதிக்கறதுக்குள்ள… உம்மேல வந்துடுவான்.”

நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு. போன ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான். இருபது வருஷம் குவாரி டிப்பர் லாரி ஓட்டிய மனுஷன். இருதயம் வீங்கிவிட்டது, இனிமேல் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கணுக்கால் இரண்டும் ஊதிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். அதற்கப்புறம்தான் பரிமளா கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்தேகாலுக்குச் சாலவாக்கத்தில் கம்பெனி பஸ் வரும். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். மகள் கீர்த்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல நிற சைக்கிள் இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டாள். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் சைக்கிளைத் தவிர போகிறதெல்லாம் டிப்பர்தான்.

அவள் வேலைக்குப் போன மூன்றாம் நாளே ஆல்பர்ட் ஆரம்பித்துவிட்டான். சைக்கிளுக்குப் பின்னால் நல்ல லைட்டாக ஒன்று வேண்டும்.

உத்திரமேரூரில் ஏகாம்பரத்தின் சைக்கிள் கடையில் வாங்கிவந்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி சின்னதாக இருந்தது. ஆல்பர்ட் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, “கிறிஸ்மஸ் குடிலுக்கு வெக்கிறதா இது?” என்றான். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்புறம் கீர்த்தி மறைமலை நகரிலிருந்து போனிலேயே ஒன்றை வரவழைத்து அனுப்பினாள். சீட்டுக்கு அடியில் கட்டுகிற வகை. படபடவென்று சிமிட்டியது. ஆல்பர்ட் ஒரு வாரம் அதைத் தெருவில் ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தான். “இப்டி சிமிட்டிக்கினே இருந்தா எத்தினி தொலவுல கீதுன்னு மட்டு கெடைக்காது. நின்னு எரியணும். நடுவுல ஒருவாட்டி பெருசா அடிக்கணும். அதுவுமில்லாம நீ ஒக்காந்தா முந்தானை மறைச்சிக்கும். கேரியர்ல பை வெச்சா சுத்தமா போச்சு.” அதையும் உறையில் போட்டு வைத்தாகிவிட்டது.

மூன்றாவதுதான் இது. நேற்று வேலை முடிந்து, வெயிலோடு மறுபடி உத்திரமேரூருக்கு பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தது. தீப்பெட்டியைவிடப் பெரியது. தடிமனான சிவப்புக் கண்ணாடி. கேரியரின் பின் கம்பியில் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம், போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றலாம். “இதுவும் சரியில்லன்னு வந்துடாதம்மா,” என்றான் ஏகாம்பரம். “இதுக்கு மேல வேணும்னா போலீஸ் ஜீப்பு மேல கீறத கயட்டிக்கினு வந்தாத்தான் உண்டு.” கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பரிமளாவுக்கு முகம் எரிந்தது.

அதை மாட்டியதும் ஆல்பர்ட் என்ன சொன்னான்? கேரியர் வளைந்திருக்கிறது, வெளிச்சம் தரையைப் பார்க்கிறது. டிப்பரில் உட்கார்ந்திருப்பவன் மேலே இருந்து பார்க்கிறவன். அவன் கண்ணுக்கு வரவேண்டும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்து முடுக்கினாள். ஸ்பேனர் நழுவி விரல் முட்டி தோல் உரிந்தது. அப்புறமும் அவன் விடவில்லை. தள்ளிக்கொண்டு போய் நில், நான் இங்கிருந்து பார்க்கிறேன் என்று வாசலில் நாற்காலியைப் போடச் சொன்னான்.

“வந்துட்டேன். மதகாண்ட நிக்கறன்.”

“பின்னாடி… எம்பக்கம் இருக்கணும்.”

“அதுகூடத் தெரியாதா எனுக்கு.”

“ஏறி ஒக்காரு.”

“ஏறி வேற ஒக்காரணுமா?”

“பொடவை மறைக்குதா… பாக்கணும். பையையும் கேரியர்ல வெய்யி.”

பையைக் கேரியரில் சொருகி, ஏறி உட்கார்ந்து, ஒரு காலை மதகுச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். இப்போது அவளுக்கு முன்னால் சாலவாக்கம் போகும் ரோடு. வீடும் ஆல்பர்ட்டும் முதுகுக்குப் பின்னால்.

“அப்டியே இரு,” என்றான். “ஆடாத.”

அப்படியே இருந்தாள். மதகுக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொசு மொய்த்தது. கையை எடுத்தால் சைக்கிள் ஆடும் என்று அடிக்காமல் பொறுத்துக்கொண்டாள்.

“தெரியுதா?”

பதில் இல்லை. யோசிக்கிறான் என்று நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான் யோசிப்பான். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கடைக்காரன் சலித்துக்கொள்கிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

பால் கேனோடு மொபெட்டில் வந்த சின்னப்பையன் வண்டியை நிறுத்தினார். பெயர்தான் சின்னப்பையன், அறுபது வயது. “இன்னாம்மா, செயின் கயண்டுக்கிச்சா?”

“இல்லண்ணா. சும்மா.”

“சும்மாவா குந்திக்கினு கீற நடு ரோட்ல?”

“அவரு லைட்டு பாக்கறாரு. நீ போண்ணா.”

அவர் ஊர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் புரியாமல் எதிர்த்திசையில் போனார். பரிமளாவுக்கு அவமானமாக இருந்தது. நாளைக்கு விடிந்தால் பால் ஊற்றுகிற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

“யோவ், தெரியுதா இல்லியா? எதுனா ஒண்ணு சொல்லு.”

போனில் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. தொலைவில் எங்கோ ஒரு வீட்டு டி.வி. சத்தமும்.

“கேக்குதா உனுக்கு? கை மரத்துப்போச்சு. வாயத் தொறந்து சொல்லுய்யா.” கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் அடிவயிற்றிலிருந்து எல்லாம் சேர்ந்து வந்தது. ஏகாம்பரம் கடையில் சிரித்த சிரிப்பு, உரிந்த விரல், அரைக்காத மாவு, காலை நாலு மணி. “புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன். நான் லாரில அடிபட்டு செத்தாத்தான் உனுக்குத் திருப்தியாவும். வேற எதுலயும் திருப்தி கெடையாது உனுக்கு.”

சைக்கிளை மதகுச் சுவர்மேல் சாய்த்தாள். அது நிற்காமல் சரிந்து விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். போனை அணைக்கவில்லை. திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

ஆல்பர்ட் நாற்காலியில் இருந்தான். முகம் ரோட்டுப் பக்கம். கண் திறந்திருந்தது. போன் மடியில் விழுந்து கிடந்தது.

“பாத்துக்கினுதான கீற, சொல்றதுக்கு இன்னா…” என்று சொல்லிக்கொண்டே கிட்டே போய்த் தோளைத் தட்டினாள். தலை மெதுவாக, தூக்கத்தில் சாய்வதுபோல, அவள் வயிற்றின் மேல் வந்து சாய்ந்தது.

அப்புறமும்கூட அவள் இன்னொரு வார்த்தை திட்டினாள். அப்புறம்தான் நிறுத்தினாள்.

பக்கத்து வீட்டுக் கனகா ஓடிவந்தாள். அவள் வந்துதான் ஆல்பர்ட்டின் மடியிலிருந்த போனை எடுத்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பரிமளாவின் கைக்குள் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்துவிட்டு அடங்கியது. பதினாறு நிமிஷம் பேசியதாகக் காட்டியது.

*

ஆம்புலன்சில் வந்த ஆள் நாடி பார்த்து, நெஞ்சில் ஏதோ வைத்துப் பார்த்துவிட்டு, தான் வந்த நேரத்தை எழுதிக்கொண்டான். ஆறு ஐம்பத்தைந்து. அது ஆல்பர்ட் போன நேரம் இல்லை என்று பரிமளாவுக்குத் தெரியும். போன நேரம் எது என்று யாருக்கும் தெரியாது.

விடிகிறபோது வாசலில் பந்தல் போட்டுக் கண்ணாடிப் பெட்டியும் வந்திருந்தது. கீர்த்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். “நைனா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பெட்டிமேல் நெற்றியை வைத்துக்கொண்டவள், ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். எத்தனை மணிக்கு? என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? சபையிலிருந்து வந்த பாஸ்டர் பதிவேட்டில் எழுதுவதற்காகக் கேட்டார். வி.ஏ.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கனகாவின் கணவன் செந்தமிழன் கேட்டான். தெரியாதவர்களும் கேட்டார்கள்.

“ஆறேகாலு இருக்கும்,” என்றாள் ஒருத்தரிடம். இன்னொருத்தரிடம் ஆறரை என்றாள்.

“சரியாச் சொல்லுக்கா, எழுதணும் இல்ல,” என்றான் செந்தமிழன்.

“எனுக்குத் தெரியாது செந்தமிழு. நான் அந்தப் பக்கமா திரும்பிக்கினு ஒக்காந்திருந்தேன்.”

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது புரியவில்லை. கீர்த்தியின் மாமியார் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, “அப்போ யாருமே பக்கத்துல இல்லியா?” என்று கேட்டாள். பரிமளா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

போனை எடுத்து மறுபடி பார்த்தாள். ஆல்பர்ட், பதினாறு நிமிஷம் எட்டு நொடி. அவ்வளவுதான் காட்டியது. அதில் எத்தனை நிமிஷம் அவன் இருந்தான், எத்தனை நிமிஷம் இல்லை என்று அது பிரித்துக் காட்டவில்லை. ஆடாதே என்று சொன்னது நாலாவது நிமிஷமா, ஐந்தாவது நிமிஷமா? சின்னப்பையன் வந்து நின்றது எப்போது? தான் கத்தியது எப்போது? விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. கடைசியில் போனைப் பாயின் அடியில் தள்ளிவிட்டாள்.

சைக்கிளை ராத்திரியே செந்தமிழன் மதகிலிருந்து தூக்கிவந்து சுவரோரம் நிறுத்தியிருந்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பொழுது நன்றாக விடிந்து பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்தபோதுதான் பரிமளாவின் கண்ணில் பட்டது. லைட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நின்று எரிந்து, நடுவில் ஒருமுறை பெரிதாக அடித்து, மறுபடி நின்று எரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு வந்து போயிற்று.

“அத்த ஆப் பண்ணுங்க யாராவது,” என்றாள் மெதுவாக.

கீர்த்தி எழுந்து ஒரு பையனிடம் சொன்னாள். அவன் போய்ப் பொத்தானை அழுத்தினான். லைட்டு வேகவேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தது. இன்னொரு தடவை அழுத்தினான். ஓடுகிற மாதிரி இடமிருந்து வலம் போயிற்று. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் அடியில் ஸ்விட்ச் இருக்கும் என்று கிசுகிசுத்தார். ஒருவர் பேட்டரியைக் கழற்றலாமா என்று தடவிப் பார்த்தார். நாலு ஆண்பிள்ளைகள் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். லைட்டு விதவிதமாக அடித்துக்கொண்டே இருந்தது. ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் தலை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

பரிமளா எழுந்தாள். கனகா கையைப் பிடித்தாள், உதறினாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு, பாஸ்டருக்கு முன்னாலேயே நடந்து, ஆண்களுக்கு நடுவில் புகுந்து, பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அணைக்க வேண்டுமானால் அழுத்தியே பிடிக்க வேண்டும் என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்தது. விரலை எடுத்தாள். பாஸ்டர் நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க படிங்கய்யா,” என்றாள்.

திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். புருஷன் கிடக்கும்போது இவளுக்கு சைக்கிள் கவலை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது.

*

பதினொரு மணிக்குள் எடுத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. குழி வெட்டியவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வேலை முடிந்தது. மூன்று பிடி மண் போட்டுவிட்டு பரிமளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, பந்தலில் தினகரன் மட்டும் மீதி இருந்தான். ஆல்பர்ட்டோடு கிளீனராக ஓடி, அப்புறம் டிரைவர் ஆனவன். சுடச்சுட டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுதானா அண்ணி, அண்ணன் சொல்லிக்கினு இருந்த லைட்டு?”

“உங்கிட்டயும் சொன்னாரா?”

“தெனம் போன் பண்ணுவாரு. தினா, நீ இன்னிக்கி காலைல அந்தப் பக்கம் போவசொல்ல சைக்கிள் எதுனா பாத்தியா, எத்தினி தொலவுல தெரிஞ்சிது, லைட்டு கீழ இருந்துச்சா, மேல இருந்துச்சா. இதேதான். நானே ஒருவாட்டி கடுப்பாயிட்டேன்.” மறுபடி சைக்கிளைப் பார்த்தான். “அந்த வளைவுல நடந்தத நெனச்சித்தான் அவரு அப்டி…”

“எந்த வளைவு?”

தினகரன் டீ டம்ளரைத் தரையில் வைத்தான். தெரியும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

“குவாரி ரோட்டு வளைவு அண்ணி. கீர்த்தி பத்தாவது படிக்கசொல்ல. விடியகாலம். லோடு வண்டி. முன்னாடி ஒரு பொம்பள சைக்கிள்ல போய்க்கினு இருந்துச்சு. பின்னாடி ஒண்ணுமே இல்ல, ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்ல. அண்ணன் பாக்கசொல்ல ரெண்டு வண்டி தொலவு. ஸ்டீரிங்க ஒடிச்சாரு. வண்டி ரோட்ட வுட்டு எறங்கி முள்ளுல போய் நின்னுச்சு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. திரும்பி ஒரு பார்வை பாத்துட்டு அது பாட்டுக்கு மிதிச்சிக்கினு போயிடுச்சு. அண்ணன் ஸ்டீரிங்கப் புடிச்ச கைய எடுக்கவே இல்ல. அரை மணி நேரம். நான்தான் வெரல ஒண்ணொண்ணா எடுத்து வுட்டேன்.”

கீர்த்தி பத்தாவது படித்த வருஷம். ஒரு நாலு நாள் ஜுரம் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடவே இல்லை. வேலைக்குப் போக சோம்பேறித்தனம் என்று அப்போதும் அவள் திட்டியிருக்கிறாள்.

“இத்த எங்கிட்ட சொல்லவே இல்ல,” என்றாள்.

“பயந்துக்குவீங்கன்னு இருக்கும்.”

“நான் இன்னாத்துக்கு பயந்துக்கப் போறன்? ரெண்டு மாசமா உசுர எடுத்துட்டான் தினகரா. இது சரியில்ல, அது சரியில்ல, இது கீழ பாக்குது, அது மேல பாக்குது. இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத நாளே நல்லதா பாத்து வாங்கினு வந்திருப்பேன். அந்தக் கடைக்காரன் பேச்ச மூணு வாட்டி கேட்டுக்கினு நிக்க வேணாம் நானு. நேத்து நான் கத்தியும் இருக்க மாட்டேன்.” கடைசி வாக்கியத்தை அவள் சொல்ல நினைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, “லைட்டு எப்டி கீதுன்னு சொன்னாரா அண்ணி?” என்று கேட்டான்.

“ஒண்ணும் சொல்லல.”

“நான் வேணா மதகாண்ட நிறுத்திப் பாத்து சொல்லட்டா?”

“வேணாம்,” என்றாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. “டீயக் குடி. ஆறிப்போச்சு.”

*

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் கீர்த்தி பேச்சை எடுத்தாள்.

“எங்கூட வந்துடும்மா. வேலைய வுட்டுடு.”

“வந்து?”

“வந்து இன்னா? இரு. அந்த ரோட்ல இருட்டுல இனிமே நீ போவக்கூடாது. நைனாவே அதுக்குத்தான பயந்துக்கினு இருந்தாரு.”

“உங்க நைனா எங்க பயந்தாரு? குத்தம் கண்டுபுடிச்சிக்கினு இருந்தாரு.”

“அம்மா.”

“சூப்பர்வைசர் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. நாளைக்கிப் போலன்னா வேற ஆள வெச்சிக்குவாங்க.”

“வெச்சிக்கட்டும்.”

பரிமளா மூலையில் போய்ப் போன் சார்ஜரை எடுத்தாள். ஆல்பர்ட்டின் போன் அதில் மாட்டியிருந்தது. யார் மாட்டினார்களோ. அதைக் கழற்றி, சைக்கிளை வாசலுக்குள் உருட்டி வந்து, ஒயரை லைட்டில் சொருகினாள். ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வந்தது. கீர்த்தி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள்.

காலை நாலரைக்குப் பரிமளா சைக்கிளை வெளியே எடுத்தபோது கீர்த்தி எழுந்து வந்து கதவருகே நின்றாள். பரிமளா பையைக் கேரியரில் வைத்து, லைட்டைப் போட்டு, ஒருமுறை பின்னால் குனிந்து பார்த்தாள். பை மறைக்கவில்லை. புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“போன் பண்ணு, போய்ச் சேந்ததும்,” என்றாள் கீர்த்தி.

“ம்.”

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி யாரும் எடுக்காமல் அப்படியே கிடந்தது. அதைத் தாண்டி மிதித்தாள். ஊர்க் கம்பங்களைத் தாண்டி, மதகைத் தாண்டி, ஏரிக்கரை முடிந்து வயல்வெளி வந்தது. பனி இல்லை. கிழக்கே சாம்பல் நிறம் லேசாகத் தட்டியிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்தே இருந்ததில் முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் கிறீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் எங்கே வைத்தாள் என்று நினைவில்லை. அது எரிச்சலாக வந்தது. கம்பெனியில் எல்லோரும் விசாரிப்பார்கள், எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள், அதுவும் எரிச்சலாக வந்தது.

பின்னால் ஒரு லோடு வண்டியின் சத்தம் கேட்டது. தூரத்தில்தான், ஏரிக்கரைத் திருப்பத்தில். பள்ளத்துக்குள் முனகிக்கொண்டு வந்த இஞ்சின், திருப்பம் தாண்டியதும் கியர் இறங்கியது. அப்புறம் இன்னொரு கியர் இறங்கியது. இருபத்திரண்டு வருஷம் டிரைவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தச் சத்தம் தெரியும், அங்கேயே வேகத்தைக் குறைக்கிறான். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் அதுவாகக் கொஞ்ச தூரம் உருண்டது.

வண்டி நெருங்கவில்லை. அதன் வெளிச்சம் அவளைத் தாண்டி ரோட்டில் நீளமாக விழுந்து, ஒருமுறை தணிந்து, தணிந்தபடியே வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. எவ்வளவோ தள்ளி, அவள் போகிற வேகத்துக்கே ஊர்ந்துகொண்டிருந்தது.

பரிமளா காலை ஊன்றி ஓரமாக நின்றாள். அதுவும் நின்றுவிடும்போல் இருந்தது. கையை நீட்டி, போ, போ என்று ஆட்டினாள். “போயேன்யா. பஸ்ஸுக்கு நேரமாவுது எனுக்கு,” என்று வாய்விட்டுச் சொன்னாள். அவனுக்குக் கேட்டிருக்காது.

டிப்பர் வலப்பக்கம் நன்றாக ஒதுங்கி, வயல் ஓரத்து மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி, அவளைக் கடந்து போயிற்று. ஈர மணல் லோடு. பின் கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. டிரைவர் யார் என்று தெரியவில்லை.

அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவள் ஒரு காலை ஊன்றியபடியே நின்றிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து மிதித்தாள். தார் ரோட்டின் மேல் அந்த ஈரக்கோடு, அங்கங்கே அறுந்தும் சேர்ந்தும், சாலவாக்கம் வரைக்கும் அவளுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.